தராகி ஏன் டெல்லியையும் வாஷிங்டனையும் பற்றி எழுதினார்?

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "மட்டக்களப்பில் பிறந்தவர் சிவராம். தன் ஊரில் அத்தனை கொலைகள் நடந்த காலத்தில், இந்தியாவின் கொள்கை, அமெரிக்காவின் கொள்கை என்று ஆங்கிலத்தில் ஏன் எழுதிக்கொண்டிருந்தார்? அவர் ஊடகவியலாளரா, இயக்கக்காரரா? எதற்காகக் கொன்றார்கள்?"

தராகி என்பது சிவராம் பத்திரிகையில் எழுதிய புனைபெயர். முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற இரண்டும் போகிற போக்கில் வந்துவிடும்.

தம்பி, வெளியுறவுக் கொள்கை என்பது கோட் போட்டவர்கள் குளிரூட்டிய மண்டபத்தில் பேசுவது என்றுதான் நீங்கள் படித்திருப்பீர்கள். எங்கள் வயதுக்காரருக்கு அது மட்டக்களப்பு மாமாங்கத்தில் நடந்தது. 1988 மார்ச் 19ஆம் திகதி பத்துப் பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய் மாமாங்கப் பிள்ளையார் கோவிலடியில் சாப்பாட்டை விட்டு உட்கார்ந்தார். போரை நிறுத்துங்கள், பேசுங்கள் என்று அவர் கேட்டது இந்திய இராணுவத்தை. ஏப்ரல் 19ஆம் திகதி அன்னை பூபதி இறந்துபோனார். டெல்லியில் எடுத்த ஒரு முடிவு மட்டக்களப்பில் ஒரு வீட்டு முற்றம் வரைக்கும் எப்படி வரும் என்பதை அந்த ஒரு மாதத்தில் இந்த ஊர் முழுவதும் பார்த்தது. அப்படியானால் இந்தியாவின் கொள்கையைப் பற்றி எழுதுவது உள்ளூர்ச் செய்தி எழுதுவதுதானே?

அதற்கு முதல் வருடம், 1987 ஜூலை 29ஆம் திகதி, ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் அதில் தேடிப் படித்தது வடக்கும் கிழக்கும் சேருமா, பொதுசன வாக்கெடுப்பு வருமா என்பதைத்தான். ஒப்பந்தத்தோடு இரண்டு தலைவர்களும் கடிதங்களும் மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தில் தமிழரின் உரிமை என்ன என்று தேடினால் கிடைக்காது. இருப்பது வேறு. இலங்கையில் வெளிநாட்டு இராணுவ, புலனாய்வு ஆட்கள் இருப்பது பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்வோம்; திருகோணமலைத் துறைமுகத்தையோ வேறு துறைமுகங்களையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் கொடுப்பதில்லை; திருகோணமலை எண்ணெய்க் குதங்களை (சேமிப்புத் தாங்கிகளை) இரண்டு நாடும் சேர்ந்து திருத்தி நடத்துவோம்; வெளிநாட்டு வானொலி நிலையங்களோடு செய்த உடன்பாடுகளை மீளப் பார்ப்போம். முக்கியமாக இவைதான்.

இந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அடுத்த மூன்று வருடத்தில் நடந்தது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது. படிக்காத எங்களுக்கு இருந்தது. ஜூலையில் மாலை போட்டு வரவேற்றோம், ஐப்பசி மழைக்கு முன்னமே அதே ஆமிக்குப் பயந்து ஓடினோம். சிவராம் பின்னாளில் எழுதியதையெல்லாம் ஒரு வாசகத்தில் சுருக்கச் சொன்னால், அந்தக் கடிதத்தை முதலில் படியுங்கள் என்பதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். அரசுகளுக்கு அன்பும் இல்லை, கோபமும் இல்லை, நலன்தான் இருக்கிறது. இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தாய் நாடு, தொப்புள்கொடி என்று பேசிக்கொண்டிருந்த சமூகம் நாங்கள்.

சரி, ஆளுக்கு வருவோம்.

தர்மரத்தினம் சிவராம் 1959 ஆகஸ்ட் 11ஆம் திகதி மட்டக்களப்பில் பிறந்தார். சொத்தும் செல்வாக்கும் இருந்த குடும்பம்; அக்கரைப்பற்றுப் பக்கம் காணி இருந்தது; தாத்தா அந்தக்கால அரசாங்க சபையில் மட்டக்களப்புத் தெற்கின் உறுப்பினராக இருந்தவர். புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார், பிறகு கொழும்பில். வீட்டில் புத்தகங்கள் இருந்தன. அந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் போகவில்லை. 1980இல் இங்கே வாசகர் வட்டம் ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மண்டூர்க் கோவிலை ஆய்வு செய்ய வந்த அமெரிக்க மானுடவியலாளர் மார்க் விட்டேக்கர் அவரோடு சிநேகமானது எண்பதுகளின் தொடக்கத்தில்தான். இருபது வருடத்துக்கு மேல் நீடித்த அந்தச் சிநேகத்தின் பேரில் விட்டேக்கர் 2007இல் அவருடைய வாழ்க்கையை ஒரு நூலாகவே எழுதினார். ஆங்கிலம் ஓடுமென்றால் தேடிப் படியுங்கள். புகழ்ந்து மட்டும் எழுதிய புத்தகம் இல்லை அது.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார், முடிக்கவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று உங்கள் வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர் போன இயக்கம் புளொட், அதாவது தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம். அங்கே பெயர் எஸ்.ஆர். ஒப்பந்தத்துக்குப் பிறகு புளொட் தொடங்கிய அரசியல் கட்சியான ஜனநாயக மக்கள் விடுதலை முன்னணிக்குப் பொதுச் செயலாளராகவும் இருந்தார். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: முதலில் இயக்கக்காரர், அப்புறம் ஊடகவியலாளர். இதை அவரும் மறைத்ததில்லை, நாங்களும் மறைக்கத் தேவையில்லை. எண்பதுகளில் புளொட்டுக்குள்ளேயே நடந்த கொலைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் காலத்து எஸ்.ஆர். மேல் கேள்வி கேட்க ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள், கேட்கவும் உரிமை இருக்கிறது.

அவர் வெளியேறிய காரணம்தான் நம் விடயத்துக்கு முக்கியம். 1988 நவம்பர் 3ஆம் திகதி புளொட்டின் ஆட்கள் படகில் மாலைதீவுக்குப் போனார்கள். அங்கே ஒரு வியாபாரி ஜனாதிபதி கையூமைக் கவிழ்க்க நினைத்தார். அதற்குக் கூலிப்படையாகப் போனவர்கள் நம் பெடியன்கள். அன்று இரவே இந்தியப் பரசூட் துருப்புகள் விமானத்தில் வந்து இறங்கின. சில மணித்தியாலத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. இந்து சமுத்திரத்தில் ஒரு தீவுக்கு ஆபத்து என்றால் முதலில் வந்து நிற்பது நாங்கள்தான் என்று இந்தியா உலகத்துக்குக் காட்டிக்கொண்டது. அமெரிக்காவிலிருந்தும் பாராட்டு வந்தது. தமிழருக்கு மிஞ்சியது செத்த பெடியன்களும் கெட்ட பெயரும். சிவராம் இந்த மாலைதீவு விவகாரத்திலும் வேறு விடயங்களிலும் தலைவர் உமா மகேஸ்வரனோடு முரண்பட்டு 1989இல் விலகினார். அதே வருடம் ஜூலையில் உமா மகேஸ்வரன் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரு சின்ன இயக்கம் ஒரு பெரிய விளையாட்டுக்குள் காய் என்று தெரியாமலே போய் மாட்டுவதை உள்ளுக்குள் இருந்து பார்த்தவர் அவர். புவிசார் அரசியலைப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவர்கள் நிறையப் பேர் எழுதினார்கள். அவர்களுடைய எழுத்திலும் இவருடைய எழுத்திலும் வித்தியாசம் இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பத்திரிகைக்கு வந்தது ரிச்சர்ட் டி சொய்சா வழியாக. ரிச்சர்ட் இன்டர் பிரஸ் சேர்விஸ் செய்தி நிறுவனத்துக்கு எழுதியவர், நாடக நடிகர், கவிஞர். 1990 பெப்ரவரியில் அவரை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். அடுத்த நாள் மொரட்டுவைக் கடற்கரையில் உடல் கிடந்தது. பதினைந்து வருடம் கழித்து அவருடைய சிநேகிதனுக்கும் ஏறக்குறைய அதே மாதிரி நடந்தது. இரவில் கொண்டுபோவது, விடியத் தண்ணீர்க் கரையில் போடுவது.

'தி ஐலண்ட்' பத்திரிகையில் தராகி என்ற பெயரில் எழுதத் தொடங்கியது 1989இல். சிங்கள வாசகர்களும் கொழும்பு மேட்டுக்குடியினரும் வாசிக்கும், அரசாங்கச் சார்பு என்று பலரும் சொல்லும் பத்திரிகை அது. அங்கேயா ஒரு மட்டக்களப்புத் தமிழன் எழுதுவது என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் இராணுவ அதிகாரி வாசித்தார், தூதரகத்துக்காரர் வாசித்தார், புலிகள் இயக்கமும் வாசித்தது. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் மேசைக்கே கட்டுரை போய்ச் சேர வேண்டும் என்றால் வேறு வழி என்ன?

நான் ஆங்கிலம் படிப்பித்த வாத்தி. தொண்ணூறுகளில் பத்திரிகை இங்கே வந்து சேருவதே பெரும்பாடு. பாதை திறந்திருக்க வேண்டும், பஸ் வர வேண்டும், இராணுவச் சென்றியில் பத்திரிகைக் கட்டை அவிழ்த்துப் பார்த்து விட வேண்டும். ஞாயிறு ஐலண்ட் சில வேளை செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வரும். தராகியின் பத்தியை வெட்டி எடுத்து உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறேன், பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு. வசனம் சின்னதாக இருக்கும், அலங்காரம் இருக்காது. ஒரு முகாம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, அதற்குப் பின்னால் என்ன குளம், எந்தக் காடு, எந்தப் பாதை என்று எழுதுவார். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையை வரைபடத்தில் பார்க்காதவனுக்கும் அது விளங்கும். ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இவர் ஆமியா?" அவ்வளவு நுணுக்கம்.

இந்த நிலப்பார்வைதான் அவரை உலக அரசியலுக்குக் கொண்டுபோனது என்று சொன்னால் மிகையில்லை. படுவான்கரைக்கு ஏன் இந்தச் சண்டை என்று கேட்கத் தொடங்கினால் அது திருகோணமலைக்குப் போகும். திருகோணமலைக்கு ஏன் என்று கேட்டால் டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் போகும். மேலே இருந்து கீழே பார்க்கும் ஆய்வாளர்களுக்கு நடுவில் இவர் கீழே இருந்து மேலே ஏறினார். 1992இல் 'லங்கா கார்டியன்' இதழில் தமிழரின் போர் மரபு பற்றி ஒரு தொடர் எழுதினார். வெள்ளைக்காரன் ஆட்சி தமிழ்நாட்டில் போர்க்குடிகளின் ஆயுதத்தை எப்படிக் களைந்தது, அதன் நிழல் பின்னால் வந்த அரசியலில் எப்படி விழுந்தது என்பது அதன் போக்கு. அதில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் நிறைய உண்டு. சாதிப் பெருமைக்காரர் கையில் அது வேறு விதமாகப் பயன்படும் என்ற பயம் அப்போதும் இருந்தது. ஆனால் பத்திரிகைக்காரன் ஒருவன் இருநூறு வருடம் பின்னால் போய்த் தேடியதை மதிக்கத்தான் வேண்டும்.

1997இல் தமிழ்நெட் செய்தி இணையத்தளம் தொடங்கியபோது அதன் ஆசிரியர்களில் ஒருவரானார். ஊடகத் துறைக்கு அவர் செய்த பெரிய வேலை இதுதான் என்பது என் கணிப்பு. வடக்குக் கிழக்கில் இருந்த உள்ளூர் நிருபர்களைச் சேர்த்தார். கோபத்தை எழுதாதே, எத்தனை மணிக்கு, எந்தச் சந்தியில், எத்தனை பேர், யார் சொன்னார் என்று எழுது என்ற கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். செய்தி நிறுவனங்களின் வறண்ட ஆங்கிலம். வெளிநாட்டுத் தூதரகங்கள் கிழக்கில் நடப்பதை அறியக் கொழும்பின் அறிக்கையை மட்டும் நம்பி இருந்த காலம் அது. இங்கே வெல்லாவெளியில் நடந்ததை அன்று மாலையே ஒஸ்லோவில் வாசிக்கலாம் என்று வந்தபோது, அதுவும் ஒரு வெளியுறவு விடயம்தான்.

2002 பெப்ரவரியில் நோர்வேயின் நடுவில் போர்நிறுத்தம் வந்தது. அப்போது எல்லோர் வாயிலும் ஒரே சொல், சர்வதேச சமூகம். உதவி வழங்கும் நாடுகளுக்கு அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், யப்பான், நோர்வே இணைத்தலைமை. 2003 ஜூனில் டோக்கியோவில் உதவி மாநாடு. எங்கள் ஊரிலும் அரச சார்பற்ற நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் கல்லடிப் பாலத்தில் வரிசையாகப் போகும். எனக்கும் நம்பிக்கை இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அந்த நேரத்தில்தான் சிவராம் ஆங்கிலத்தில் டெய்லி மிரரிலும் தமிழில் வீரகேசரியிலும் எல்லோருக்கும் கசப்பானதை எழுதினார். அவருடைய வாதத்தை என் சொல்லில் சொல்கிறேன்: இந்தப் பேச்சுவார்த்தை வந்தது இரண்டு பக்கத்துப் படைபலமும் ஒரு சமநிலைக்கு வந்ததால், யாருடைய மனமும் மாறியதால் வந்ததில்லை. வெளிநாடுகள் தேடுவது தங்கள் வர்த்தகத்துக்கும் கப்பல் பாதைக்கும் ஏற்ற அமைதியை. போர் நின்றிருக்கும் நேரத்தில் அரசின் படையைத் திருத்திக் கட்ட அதே நாடுகள் உதவுகின்றன. சமநிலை குலைந்த அன்றைக்குப் பேச்சு மேசையும் இருக்காது.

இந்தியா இலங்கையோடு பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்யப்போவதாக 2003இல் பேச்சு வந்தது. அமெரிக்கா படைத்தளவாட, சேவைப் பரிமாற்ற உடன்படிக்கைக்கு முயன்றுகொண்டிருந்தது. அதை 2007 மார்ச்சில் செய்தும் முடித்தார்கள். 2008 ஜனவரியில் போர்நிறுத்தம் முறைப்படி முடிந்துபோனது. தராகி உயிரோடு இல்லை அப்போது.

இனி எனக்கு இடறும் இடம். அரசுகளை அவ்வளவு கூர்மையாக அளந்த அந்தக் கோல், கடைசிக் காலத்தில் புலிகள் பக்கம் வரும்போது மழுங்கியது. ஆரம்ப ஐலண்ட் கட்டுரைகளில் இயக்கத்தையும் வெட்டிப் பார்த்தவர்தான். போர்நிறுத்த காலத்தில் படுவான்கரையில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனபோது, தாய்மார் முகாம் முகாமாக அலைந்தபோது, அதைப் பற்றி அந்தக் கூர்மையோடு ஒரு தராகி கட்டுரையை நான் தேடியிருக்கிறேன். தேடிய அளவுக்குக் கிடைக்கவில்லை. பெரிய வல்லரசுகளுக்கு முன்னால் தமிழரிடம் இருக்கும் ஒரே பலம் அந்தப் படைதான், அதைப் பலவீனப்படுத்துவதை எழுதக் கூடாது என்ற கணக்கு அவரிடம் இருந்திருக்கலாம். கணக்கு விளங்குகிறது. ஒத்துக்கொள்ள முடியவில்லை.

2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்தார். மட்டக்களப்பான் என்பதால் சிவராம் அந்தப் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. வடக்கன் எங்களை ஏமாற்றினான் என்ற பேச்சு இங்கே வீட்டுக்கு வீடு இருந்தது, அதில் முழுப் பொய்யும் இல்லை. அவர் அதற்கு எதிராக வெளிப்படையாக வீரகேசரியில் எழுதினார். கிழக்கைத் தனியாகப் பிரித்தால் யாருக்கு லாபம் என்பதுதான் அவர் கேள்வி, மறுபடியும் அதே கடிதத்தைப் படிக்கும் பார்வை. ஏப்ரலில் வெருகலில் சண்டை. நம் பிள்ளைகளே நம் பிள்ளைகளைச் சுட்டார்கள். மே 31ஆம் திகதி காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஐயாத்துரை நடேசனை மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொன்றார்கள். நெல்லியடியில் பிறந்து இந்த ஊரோடு ஒன்றாகிப்போன மனிதர், வீரகேசரியில் எழுதியவர், சிவராமின் நண்பர். அதன் பிறகு சிவராமுக்குச் சொந்த ஊரே வர முடியாத ஊராகிவிட்டது. கொழும்பில் வீட்டைப் பொலிஸ் தேடியது. சிநேகிதர்கள் வெளிநாடு போகச் சொன்னார்கள். போகவில்லை.

2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு பம்பலப்பிட்டியில் ஓர் உணவகத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவரை, பொலிஸ் நிலையத்துக்கு எதிரே வைத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் நாடாளுமன்றத்துக்குப் பின்னால், உயர் பாதுகாப்பு வலயம் என்று சொல்லும் இடத்தில், தியவன்னா ஓயாக் கரையில் உடல் கிடந்தது. வாய் கட்டியிருந்தது, தலையில் சூடு. வயது 45. மனைவியும் மூன்று பிள்ளைகளும். ஒருவரைப் பிடித்தார்கள், கடைசியில் இந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. எதற்காகக் கொன்றார்கள் என்ற கேள்விக்கு நீதிமன்றம் தராத பதிலை நான் இங்கே இருந்து தரக்கூடாது. எழுத்துக்காக என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்தக் கட்டுரைக்காக என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனும் இல்லை.

இறந்த மறுநாளே புலிகள் மாமனிதர் என்று பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டத்தை வைத்தே, பார்த்தீர்களா, இவர் ஊடகவியலாளரே இல்லை என்று சொல்ல மற்றப் பக்கத்துக்கும் வசதியாகிப்போனது. மட்டக்களப்புக்குக் கொண்டுவந்துதான் இறுதிக் கிரியை செய்தார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் இங்கே நினைவு கூருகிறார்கள். வருகிறவர்களைப் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் பெயர் குறிக்கும் ஆட்களும் தவறாமல் வருவார்கள்.

தம்பி எங்கே இருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். தராகியை எடுப்பதற்கு முதல் 1987 ஒப்பந்தத்தையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒப்பந்தத்தில் எங்களுக்கென்று இருந்த வடக்குக் கிழக்கு இணைப்பை 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் வழியே வந்த மாகாண சபைக்குக் காணி, பொலிஸ் அதிகாரம் இன்னும் கைக்கு வரவில்லை. கடிதத்தில் இருந்த திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் 99. 2022 ஜனவரி 6ஆம் திகதி கொழும்பில் கையெழுத்து வைத்துப் பங்கிட்டார்கள். 14 குதங்கள் ஓர் இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டு பேருக்கும் சேர்த்து.